முதலில் மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் வீடு புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறது. என் பிறந்த ஊர் பண்ருட்டி. ஏழாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஆரோவில் பக்கம் போய்க் குதிரையேற்றம் கற்று வருகிறாள். அவள் ஏறிப் பழகிய பெண் குதிரையின் சொந்தக்காரர் வெளிநாடு செல்வதால், அதை ஓராண்டுக்குக் குத்தகைக்குத் தர முன்வந்திருக்கிறார். தீனி, லாய வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய். லாடமும் வைத்தியமும் தனி. அடுத்த மாதம் முதல் தேதி ஒப்பந்தம் எழுதுவதாக இருக்கிறோம். மாமியார் இதை ஆடம்பரம் என்று குறை சொல்கிறார். பிறந்தநாளன்று "இது உனக்கே உனக்கு" என்று அவள் அப்பா சொன்னதிலிருந்து மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குத்தகை என்பதெல்லாம் குழந்தைக்குப் புரியாது, ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். இவ்வளவு செலவு செய்வது சரியா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்:

சகோதரி, செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாதம் 15,000 ரூபாய் உங்கள் குடும்பத்துக்குத் தாங்குமா என்பதை உங்கள் வரவு செலவு நோட்டு சொல்லும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்காமலும், வீட்டில் மற்றவர்களுக்கு ஆக வேண்டியதை நிறுத்தாமலும் கொடுக்க முடியுமென்றால் கொடுங்கள். உங்கள் மாமியாரின் கோபத்தையும் இந்த ஒரு கணக்கைக் கொண்டே தீர்த்துக்கொள்ளலாம்.

ஆனால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அந்தக் குதிரை தனக்கே சொந்தம் என்று உங்கள் மகள் நம்பிக்கொண்டிருக்கிறாள்; அது அப்படியில்லை என்று தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள். கணவர் சொன்னதாக எழுதிவிட்டு அடுத்த வரியில் செலவுக்குத் தாவிவிட்டீர்களே, உங்களுக்கு அது உறுத்தவில்லையா?

குழந்தைக்குப் புரியாது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் பண்ருட்டிப் பெண். பலா மரத்தையும் முந்திரித் தோப்பையும் ஆண்டுக் குத்தகைக்கு விடுகிற ஊரில், பறிக்கும் உரிமை குத்தகைக்காரருக்கு, மரம் மட்டும் நமக்கு என்பது பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். உங்கள் மகளைவிடச் சின்ன வயதில் நீங்களே அதைப் புரிந்துகொண்டிருப்பீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் புரியாதது எதுவும் இதில் இல்லை. அவள் முகம் வாடுவதைப் பார்க்க அப்பாவுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். பெற்றவர்கள் தங்கள் சங்கடத்தைத் தள்ளிப்போடுவதற்காகப் பிள்ளையிடம் பொய்யை வளரவிடுவது, எவ்வளவு அன்போடு செய்தாலும், தவறுதான். ஓராண்டு முடிந்து சொந்தக்காரர் திரும்பி வந்து குதிரையை அழைத்துப் போகும் நாளில், உங்கள் மகள் குதிரையை மட்டும் இழக்கப் போவதில்லை. அதன் பிறகு அப்பா எதைச் சொன்னாலும் அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று தேடப் போகிறாள்.

ஓராண்டு வரை அந்தப் பொய் தாங்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் வயிற்றில் ஏற்படும் சிறு தடை கூடச் சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைத்துவிடக்கூடும். நம் கடற்கரைப் பகுதியிலோ மண் மணற்பாங்கானது. புல்லைத் தரையில் போட்டால் அதோடு மணலும் உள்ளே போய்க் குடலின் அடியில் தங்கிவிடும். முன்னங்காலால் தரையைச் சுரண்டுவது, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்ப்பது, படுத்துப் புரள்வது, காரணமில்லாமல் வியர்ப்பது எல்லாம் கடுமையான வயிற்று வலியின் அடையாளங்கள். ஒரு நள்ளிரவில் லாயத்திலிருந்து தொலைபேசி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை செய்யலாமா, அதற்கு யார் பணம் கொடுப்பது, பிழைக்காது என்றால் வலியில்லாமல் முடித்துவிட யார் சம்மதம் தருவது? சொந்தக்காரர் வேறொரு நாட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் அவரைத் தொலைபேசியில் பிடிக்கப் படாதபாடு படும்போது, "நம் குதிரைக்கு எதற்கு அவரைக் கேட்கிறீர்கள்?" என்று உங்கள் மகள் கேட்பாள். உண்மையைச் சொல்ல அதுவா நேரம்?

அதனால்தான், குத்தகை என்றால் என்ன என்பதை அவள் பக்கத்தில் இருக்கும்போதே பேச வேண்டும் என்கிறேன். முத்திரைத்தாளில் எழுதும்போது வாடகைத் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். அவசர சிகிச்சைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, எந்தத் தொகை வரை உங்கள் பொறுப்பு, குதிரை நொண்டினால் அந்த மாதங்களுக்கும் வாடகை உண்டா, உங்கள் மகளைத் தவிர வேறு யாரும் ஏறலாமா, நடுவில் அவர் விற்க நினைத்தால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கால்நடை மருத்துவர் ஒருவர் குதிரையின் கால், பல், மூச்சு ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லட்டும். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கும் ஊரில் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் கேளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்று அந்த லாயத்தில் குதிரைகளை எங்கே நிறுத்தினார்கள்? அதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வேறு லாயம் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றும் எனக்குக் கவலை தருகிறது. மகள் குதிரை ஏறுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்கிய பிறகு என்ன செய்கிறாள் என்று ஒரு சொல்கூட இல்லை. கடிவாளத்தைக் குதிரைக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் காருக்கு ஓடி வருகிறாளா? குதிரைக்குத் தோளோடு ஒட்டி, வால் பக்கம் முகம் திருப்பி நின்று, காலை மெல்ல வருடிக்கொண்டே இறக்கிக் குளம்பைக் கையில் ஏந்தி, நடுவிலிருக்கும் மெத்தென்ற பகுதியைக் குத்திவிடாமல் கொக்கியால் கல்லையும் மண்ணையும் சுரண்டி எடுக்க அவளுக்குத் தெரியுமா? சேணத்தை இறக்கியதும் முதுகில் எங்காவது புண் தொடங்குகிறதா என்று தடவிப் பார்ப்பாளா? குதிரை ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் வரை, நம் வெயிலில் அதற்கு மேலும், தண்ணீர் குடிக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதன் குளம்பைச் சீவியாக வேண்டும். லத்தியைத் தினமும் அள்ளியாக வேண்டும். அந்த வேலை முழுவதையும் கூலிக்கு வேறொருவர் செய்ய, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் அவள் ஏறி இறங்குவதானால், இப்போது கட்டும் பாடக் கட்டணமே போதும். மாதம் 15,000 ரூபாய் எதற்கு?

ஓர் உயிரின் பொறுப்பைப் பிள்ளையின் கையில் கொடுப்பது பெரிய காரியம் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். அது பிறருடைய உயிராக இருந்தால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. வாங்கியதைவிட நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடமையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு இந்த ஓராண்டு நல்ல ஆண்டாக இருக்கும். தெரியாமல் ஏற்கும் பெண்ணுக்கு நீங்கள் வாங்கிக் கொடுப்பது ஒரு பெரிய விளையாட்டுப் பொருள், அதுவும் உங்களுடையது அல்லாத ஒன்று.

எனவே ஒப்பந்தத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த மாதத்தில் வாரம் மூன்று நாள், காலை வெயில் ஏறும் முன், அவள் லாயத்துக்குப் போய், ஏறாமல், குதிரைக்காரரோடு சேர்ந்து வேலை மட்டும் செய்யட்டும். புல்லும் கொள்ளும் எவ்வளவு வைப்பது என்பதை அவரிடமே கற்கட்டும். அவரை எப்படி மரியாதையாக அழைப்பது என்பதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். மாதக் கடைசியிலும் அவளுக்கு ஆசை குறையாமல் இருந்தால், இன்னொரு குடும்பத்தோடு நாட்களைப் பகிர்ந்துகொள்ளும் பாதிக் குத்தகைக்குச் சொந்தக்காரர் ஒப்புவாரா என்று கேளுங்கள். பள்ளி நாட்களில் அதற்கு மேல் அவளுக்கும் நேரம் இருக்காது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே அவளிடம் பேசியாக வேண்டும். "உனக்கே உனக்கு என்று நான் சொன்னது சரியில்லை, இது இன்னொருவர் குதிரை, ஓராண்டு நம்மிடம் இருக்கும், பிறகு போய்விடும்" என்று உங்கள் கணவர் தம் வாயால் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுத்தவர் அவர். அவள் அழுதால் அழட்டும். உடனே இன்னொரு வாக்கைக் கொடுத்து அழுகையை நிறுத்த வேண்டாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.