பக்கத்தில் உட்காரும் வேலை

வணக்கம் அம்மா,

மனநல நர்சிங் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது வார்டு போஸ்டிங். பொது நர்சிங் படிக்கும் தோழிகள் ஊசி போட்டேன், கட்டு மாற்றினேன் என்று சொல்லும்போது எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கடும் மனச்சோர்வில் இருக்கும் ஓர் அம்மாளின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அவர் பேசுவதே இல்லை. நேற்று மட்டும் ‘இனிமேல் எதுக்கு’ என்றார். பயத்தில் பேச்சை மாற்றிவிட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நானே தூண்டிவிட்டதாக ஆகாதா? இன்னும் 9 நாளில் இந்த வார்டு முடிகிறது. உட்கார்ந்திருக்க ஒரு டிகிரியா என்று வீட்டில் கேட்கிறார்கள். பெயர் வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

காத்திருக்கக் கூடாத ஒன்றை உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக எழுதிவிட்டேன். மற்ற மாணவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். நோயாளி அப்படி ஒரு வார்த்தை சொன்னால் வார்டு பொறுப்பில் இருக்கும் நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும். அவர் சொன்ன அதே வார்த்தைகள் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். அப்புறம், நேராகவே கேட்கலாம்: ‘தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?’ கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடுவதில்லை. இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான். பலருக்கு ஒருவர் கேட்டதே பாரத்தைக் குறைக்கிறது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் கேட்டால் மட்டும் சம்மதிக்காதீர்கள். பேச்சை மாற்றியதற்காக நொந்துகொள்ளவும் வேண்டாம். முதல் தடவை எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சரி, உட்கார்ந்திருப்பதைப் பற்றி. இருபது வருடத்துக்கும் மேல் இந்த வார்டுகளில் வேலை பார்த்தவள் நான். இதுதான் இந்தத் தொழிலின் நடு என்று நம்புகிறேன். ஹில்டெகார்ட் பெப்லாவின் பெயரை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே உண்டாகும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று எழுதியவர். அவர் 1948-லேயே எழுதி முடித்த நூல் 1952-ல்தான் வெளிவந்தது. ஒரு டாக்டரின் பெயரைச் சேர்க்காமல் ஒரு நர்ஸ் தனியாக நூல் எழுதுவதை அன்றைக்கு ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டில் கேட்கும் கேள்விக்கு அவ்வளவு வயது.

கடும் மனச்சோர்வில் யோசனையே மெதுவாகிவிடும். நாம் கேட்ட கேள்வி உள்ளே போய், பதிலாகத் திரும்பி வர நேரம் பிடிக்கும். நாமோ மூன்று வினாடி பொறுத்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிறோம். ஒன்று கேட்டுவிட்டு மனதுக்குள் முப்பது வரை எண்ணிப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் எழுந்து போகாதீர்கள். வாயே திறக்காதவர் ஒருவரின் பக்கத்தில் எதையும் எதிர்பார்க்காமல் நீங்கள் உட்கார்ந்திருந்ததால்தான் அந்த இரண்டு வார்த்தை உங்களிடம் வந்தது.

உட்கார்ந்திருப்பவர் கண்ணில்தான் படும் விஷயங்கள் நிறைய உண்டு. மனச்சிதைவுக்கான மருந்து ஆரம்பித்த ஒருவர் திடீரென்று ஓரிடத்தில் இருக்க முடியாமல் நடக்கிறார், கால் மாற்றி மாற்றி நிற்கிறார் என்று வையுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நோய் முற்றிவிட்டது போலத் தெரியும். அது அக்கதீசியா என்ற பக்கவிளைவாக இருக்கலாம். நோய் என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ‘உள்ளே பரபரவென்று இருக்கிறதா, கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதா’ என்று கேட்கும் அளவுக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். அப்படிக் கேட்கத் தெரிவதற்குத்தான் மருந்தியல் பாடம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மருந்து சாப்பிடுகிறவருக்கு வாந்தியும் பேதியும் வந்து, கை அதிகமாக நடுங்கி, பேச்சு குழறினால் ரத்தத்தில் அதன் அளவை உடனே பார்க்க வேண்டும். மனச்சிதைவுக்கான குளோசபைன் மருந்து எடுப்பவருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் என்றால் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும். அவருடைய மலச்சிக்கலைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது, உயிரையே எடுக்கும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் பெரும்பாலானவர்களைக் கொண்டுபோவது இதய நோய் போன்ற உடல் நோய்கள். ஆகவே பிபி பார்ப்பதையும் எடை பார்ப்பதையும் தோழிகளின் வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பக்கத்தில் உட்காரும் அந்த அம்மாளின் விஷயத்தில் இன்னொன்று. சிகிச்சை ஆரம்பித்த பிறகு உடம்பில் தெம்பு முதலில் வந்து, மனம் இன்னும் தேறாமல் இருக்கும் சில நாட்கள் உண்டு. அப்போது இன்னும் கவனமாக இருக்கச் சொல்வார்கள். ‘இன்று தானாகவே தலை வாரிக்கொண்டார்’ என்பதைக்கூடப் பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள்.

படிக்கும் காலத்தில் நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. ஆறு வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், போஸ்டிங் முடிவதைச் சொல்லாமலே போய்விட்டேன். சொன்னால் வருத்தப்படுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை முழுவதும் அவர் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்ததாக அந்த வார்டு நர்ஸ் பிறகு சொன்னார். உறவை முடித்துக்கொள்வதும் கற்க வேண்டிய ஒன்று என்று பெப்லா எழுதியதை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன்.

உங்களுக்கு இன்னும் ஆறு நாளாவது மிச்சம் இருக்கும். என்றைக்குப் போகிறீர்கள், அதற்குப் பிறகு யார் வருவார்கள் என்பதை நாளைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.