றம்பொடையில் பழகினால் லே போகலாமா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் இந்தியாவின் மணாலியிலிருந்து இமயமலையிலுள்ள லே நகருக்குச் சைக்கிளில் போகிறோம். றம்பொடை ஏற்றத்தில் தினமும் பழகுகிறோம். போதுமா?
– வாசகர், கொத்மலை

பதில்: காலுக்குப் போதும் தம்பி, மூச்சுக்குப் போதாது. இலங்கையிலேயே உயரமான நம் பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர்தான்; நீங்கள் போகும் வழியிலுள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனதும், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏற வேண்டாம். நடை தள்ளாடினால் இரவென்று பாராமல் கீழே இறக்கிவிடுங்கள். கூட்டாளிகளுக்குப் பாரமாகக் கூடாதென்று வலியை மறைப்பவரை நினைத்துத்தான் எனக்குப் பயம். தினமும் காலையில் ஒவ்வொருவரையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்புறம், பிரேக் கட்டை. றம்பொடை இறக்கம் முடிந்ததும் குனிந்து பாருங்கள். அதிலுள்ள பள்ளக்கோடு தேய்ந்து மறைந்திருந்தால் புதுசு போடுங்கள். கையில் இன்னொரு ஜோடியும் இருக்கட்டும்.