கீறல் விழுந்த எவர்சில்வர்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் சிற்பத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே டேவிட் ஸ்மித் என்ற அமெரிக்கச் சிற்பியின் ‘கியூபி 26’ நிற்கிறது. எவர்சில்வர் பெட்டிகளைக் கோணல்மாணலாக ஒட்டிவைத்தது போல் இருந்தது. அதைக்கூட ஏற்றுக்கொள்வேன். ஆனால் உடம்பெல்லாம் கீறல்! அவ்வளவு பணக்கார நாட்டில் ஒரு சிற்பத்துக்கு மெருகு போட ஆள் இல்லையா?

ர., கோவை

அன்புள்ள ர.,

நல்லவேளை, யாரும் மெருகு போடவில்லை. அந்தக் கீறல்கள் ஸ்மித்தே கிரைண்டரால் தேய்த்து உண்டாக்கியவை. ‘கியூபி’ என்பது திறந்தவெளிக்கென்றே அவர் செய்த சிற்ப வரிசை. வெயிலும் வானத்தின் நிறமும் அந்தச் சுழிகளில் பட்டுச் சிதற வேண்டும் என்று விரும்பினார். நீங்கள் போன அன்று மேகமூட்டமோ என்னவோ.

ஸ்மித் 1906இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை. ஓவியம் படிக்க நியூயார்க் போன பிறகு, பிக்காசோவும் ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலஸும் இரும்பில் செய்த சிற்பங்களின் படங்களை ஒரு பிரெஞ்சு இதழில் பார்த்தார். தொழிற்சாலையில் பழகிய கைக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? புரூக்ளின் துறைமுகத்தோரம் ஓர் இரும்புப் பட்டறையில் இடம் பிடித்து வெல்டிங்கில் இறங்கிவிட்டார். போர்க்காலத்தில் ரயில் என்ஜின்களையும் டாங்கிகளையும் பற்றவைத்தார். பிறகு நியூயார்க் மாநிலத்தின் போல்டன் லேண்டிங் என்ற ஊரில், தன் பட்டறையைச் சுற்றியிருந்த வயல்களில் சிற்பங்களை வரிசையாக நிறுத்தினார்.

மேற்பரப்பு விஷயத்தில் பொல்லாத மனிதர். அவர் சிவப்பு வண்ணம் பூசிய ஒரு சிற்பம் கைமாறியபோது அதன் வண்ணத்தைச் சுரண்டிவிட்டார்கள். 1960இல் ஸ்மித் பகிரங்கமாக எழுதினார்: இது இனி என் படைப்பே அல்ல, 60 பவுண்டு பழைய இரும்பின் விலைதான் இதற்கு. அதாவது காயலான் கடைக்குப் போடுங்கள் என்றார்.

1965 மே மாதம், 59 வயதில், வாகன விபத்தில் இறந்தார். அதன்பின் நடந்ததுதான் கொடுமை. அவருடைய சொத்தை நிர்வகித்தவர்களில் ஒருவர் புகழ்பெற்ற விமர்சகர் கிளமெண்ட் கிரீன்பெர்க். ஸ்மித்தின் சிற்பங்களில் வண்ணம் இருப்பது அவருக்குப் பிடிக்காது. சில சிற்பங்களின் வண்ணம் நீக்கப்பட்டது. சில மழையிலும் வெயிலிலும் உரியும்படி விடப்பட்டன. 1974இல் ரோசலிண்ட் கிராஸ் என்ற கலை விமர்சகர் எழுதித்தான் அது வெளியே தெரிந்தது. அந்தச் சிவப்புச் சிற்பத்தைச் சுரண்டியவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். கிரீன்பெர்க் எல்லாம் தெரிந்தவர். தன் ரசனையைச் செத்தவர் மேல் ஏற்றினார் என்றே சொல்வேன்.

அடுத்த முறை போகும்போது நியூயார்க் மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் சிற்பப் பூங்காவையும் பாருங்கள். 1967இல் ஸ்மித்தின் 13 சிற்பங்களை வாங்கிய பிறகுதான் அந்த இடம் வெளிப்புறச் சிற்பங்களின் பக்கம் முழுமையாகத் திரும்பியது. நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள்.