கேட்பாரற்ற கதிர்மூலம்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: திவாலான நிறுவனம் ஒன்றின் கட்டடத்தை ஏலத்தில் எடுத்தோம். உள்ளே கதிரியக்கக் குறி போட்ட கனத்த உருளை ஒன்று கிடக்கிறது. 20 வருடப் பழசு. பழைய இரும்போடு போட்டுவிடலாமா? இதற்கு யார் பொறுப்பு?

பதில்: போடவே கூடாது. உள்ளே கதிர்மூலம், அதாவது கதிர்வீச்சை வெளியிடும் பொருள், இருக்கலாம். பழசானதால் வீரியம் போயிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இத்தகைய உருளைகளில் இருக்கக்கூடிய கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60 பாதியாகக் குறைய 5.27 ஆண்டு ஆகும். அன்று 1,000 க்யூரி (கதிரியக்கத்தின் அலகு) இருந்திருந்தால் இன்றும் 70 மிஞ்சியிருக்கும். கவசம் கழன்றால் ஆளைக் கொல்ல அது போதும். சீசியம்-137 என்றால் 60 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கும்.

உரிமம் வாங்கியவர்தான் முதல் பொறுப்பாளி. அவர் காணாமல் போனாலோ கைவிரித்தாலோ அரசுதான் ஏற்க வேண்டும். கேட்பாரற்ற கதிர்மூலங்களை மீட்க ஒவ்வொரு நாடும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்கிறது, சர்வதேச அணுசக்தி முகமையின் 2003-ஆம் ஆண்டு நடத்தை நெறி. செலவு யார் தலையில் விழும் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அது தீரட்டும் என்று தகவல் சொல்லாமல் இருக்காதீர்கள்.

பிரேசிலின் கோயானியாவில் இடம் மாறிய கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம், சீசியம் கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டு, உரிமம் தந்த அமைப்புக்குச் சொல்லாமல் போனது. 1987-ல் பழைய உலோகம் பொறுக்குபவர்கள் அதைக் கழற்றி எடுத்துப் போனார்கள். உறை உடைந்து, இருட்டில் நீலமாக ஒளிர்ந்த பொடி வீடு வீடாகக் கைமாறியது. நான்கு பேர் இறந்தார்கள். 249 பேர்மீது மாசு படிந்திருந்தது. முறைப்படி தகவல் போயிருந்தால் தடுத்திருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: நகர்த்தாதீர்கள், ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். அறையைப் பூட்டி, அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்புக்கும் காவல்துறைக்கும் உடனே சொல்லுங்கள். கவசம் உடைந்ததுபோல் தெரிந்தால் 30 மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள். கிட்டே போனவர்கள் பட்டியல் மருத்துவருக்குத் தேவைப்படும். அலுவலக அறையில் பழைய கொள்முதல் தாள்களைத் தேடுங்கள். தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் கிடைத்தால் உள்ளே என்ன, எவ்வளவு என்று கண்டுபிடிப்பது எளிது.

கேள்வி: பழைய இரும்பு ஏற்றிய லாரி எங்கள் எஃகு ஆலை வாசலில் வந்ததும் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. திருப்பி அனுப்பிவிட்டால் நம் பொறுப்பு முடிந்ததா?

பதில்: இல்லை. அந்த லாரி மணி இல்லாத இன்னோர் ஆலைக்குப் போகும். அங்கே உலையில் உருக்கினால் கோபால்ட் இரும்போடு கலந்துவிடும். சீசியம் ஆவியாகிப் புகைத்தூசியில் சேரும். 1998-ல் ஸ்பெயினில் ஓர் எஃகு ஆலையில் நடந்தது இரண்டாவது வகை. லாரியை ஆள் நடமாட்டமில்லாத மூலையில் நிறுத்தி, ஓட்டுநரை இறக்கிவிட்டு, தகவல் சொல்லிக் காத்திருங்கள். அதிகாரிகள் வரும்வரை சரக்கைக் கிளறாதீர்கள்.