நூலக லாக்கர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முன்பதிவு நூலை எடுத்துச் செல்ல, பை வைக்க, மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்ற என்று நூலகங்களில் லாக்கருக்கான தேவை கூடிவருகிறது. நூலகர்களும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

வேலைக்குப் போகிறவர்களால் நூலகம் மூடும் முன் வந்து முன்பதிவு நூலை எடுக்க முடிவதில்லை. வாசலில் லாக்கர் வைக்கலாம் என்றிருக்கிறோம். எத்தனை கதவு தேவைப்படும்?
– முழுநேரக் கிளை நூலகர், திருப்பூர்

உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு நாளில் எத்தனை பேருக்கு முன்பதிவு நூல் தயாராகிறது, அது எடுக்கப்படாமல் சராசரியாக எத்தனை நாள் கிடக்கிறது என்ற இரண்டையும் பெருக்குங்கள். நாளுக்கு 12 பேர், சராசரி 2 நாள் என்றால் எந்நேரமும் 24 கதவுகள் நிறைந்திருக்கும். விடுமுறை நெரிசலுக்குக் கால் பங்கு சேர்த்தால் 30. ஒருவருக்கு மூன்று நூல் வந்தாலும் ஒரே கதவுதான். அதனால் எண்ண வேண்டியது ஆட்களை, நூல்களை அல்ல.

இந்தக் கணக்கில் பணத்தை விழுங்குவது கெடு நாள். ஏழு நாள் வரை எடுக்கலாம் என்று விட்டால் பலர் கடைசி நாளில்தான் வருவார்கள். சராசரி 4 நாளாக ஏறினால் அதே 12 பேருக்கு 60 கதவு வேண்டியிருக்கும். கெடுவை 3 நாளாகக் குறைத்து, இரண்டாம் நாள் மாலையில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். இரும்பு வாங்குவதைவிட இது மலிவு.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்: தினமும் காலையில் கெடு முடிந்த நூல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பது யார்? அந்தப் பணி ஒருவர் பெயரில் எழுதப்படாத இடங்களில் கெடு தாண்டிய நூல்கள் பெட்டிகளை அடைத்துக்கொள்ளும். கதவு காலியில்லாமல் முன்பதிவுகள் மறுபடி கவுண்டருக்கே திரும்பும்.

எங்களிடம் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் உள்ளது. லாக்கரை அதோடு இணைத்தே ஆக வேண்டுமா?
– கல்லூரி நூலகர், ஈரோடு

தொடக்கத்தில் தேவையில்லை. கோஹாவின் நூலகப் பட்டியலில் லாக்கரைத் தனி நூலகமாகச் சேர்த்து, முன்பதிவு எடுக்கும் இடமாகக் குறியுங்கள். திரும்பி வந்த நூலை 'செக்-இன்' செய்ததும், இதை லாக்கருக்கு அனுப்பு என்று திரை சொல்லும். நூலைப் பெட்டியில் வைத்த பிறகு, உங்கள் கணக்கில் கிளையை லாக்கருக்கு மாற்றிக்கொண்டு மீண்டும் ஒருமுறை செக்-இன் செய்ய வேண்டும். அப்போதுதான் நூல் 'காத்திருக்கிறது' என்ற நிலைக்கு வரும், வாசகருக்கும் தகவல் போகும். வரிசையை மாற்றி, மேசையிலேயே இரண்டாவது செக்-இன்னையும் முடித்துவிட்டால், நூல் பெட்டிக்குப் போகும் முன்பே வாசகர் வந்து நிற்பார். புகார் வர இதுவே போதும். கெடு நாளை 'ரிசர்வ்ஸ் மேக்ஸ் பிக்-அப் டிலே' என்ற அமைப்பில் போடலாம்.

இணைப்பு இல்லாத நிலையில், நூலை எப்போது வாசகர் பெயரில் ஏற்றுவது என்ற சிக்கல் வரும். பெட்டியில் வைக்கும்போதே ஏற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் அவர் மூன்றாம் நாள் வந்தால் மூன்று நாள் வீணாகிவிடும். ஆகவே லாக்கர் கிளைக்கு மட்டும் இரவல் காலத்தை 3 நாள் கூட்டி வையுங்கள்.

நாளடைவில் இணைக்க விரும்பினால், லாக்கர் விற்பவரிடம் 'சிப்-2' (நூலக மென்பொருளும் இதுபோன்ற கருவிகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ஆதரவு உண்டா என்று கேளுங்கள். அது இருந்தால் கதவு திறக்கும் கணத்தில் நூல் வாசகர் பெயரில் ஏறிவிடும். சிப்-2 தகவலை மறையாக்கம் செய்யாமல் அனுப்பும் நெறிமுறை. எனவே அதை நூலகத்தின் உள் வலையமைப்புக்குள் மட்டும் ஓடவிடுங்கள். வெளி இணையம் வழியாகப் போக வேண்டுமென்றால் மறையாக்கம் செய்த இணைப்புக்குள் போகட்டும்.

குறுஞ்செய்தியில் திறப்பு எண் அனுப்புவதாக இருந்தால், இந்தியாவில் அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாத செய்தியைத் தொலைபேசி நிறுவனம் தடுத்துவிடும். லாக்கர் வந்திறங்கிய பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் பெட்டிகள் பல நாள் சும்மா நிற்கும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும்?
– வாசகர், விழுப்புரம்

எண் போட்டுத் திறக்கும் மின்லாக்கர்களில் மின்சாரம் வந்தால் மட்டுமே திறக்கும் 12 வோல்ட் பூட்டுகள்தான் பெரும்பாலும் இருக்கும். மின்சாரம் போனால் மூடியபடியே இருக்கும், நூல் பத்திரம். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான் திறக்கும் என்பதால் சிறிய யுபிஎஸ் போதும். ஆனால் அதே யுபிஎஸ்ஸில் இணைய ரௌட்டரையும் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூட்டுக்கு மின்சாரம் இருந்தும் எண்ணைச் சரிபார்க்க வழியில்லாமல் நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பலகை உள்ள அறைக்குச் சாதாரணச் சாவிப் பூட்டு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அதுவும் மின்பூட்டாக இருந்தால், பலகை பழுதாகும் நாளில் கதவை உடைத்துத்தான் உள்ளே போக முடியும்.

மின்பூட்டு, கதவு மூடியிருக்கிறதா என்பதை மட்டுமே அறியும். உள்ளே நூல் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வாசகர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு நூலை எடுக்காமல் மூடினாலும் 'எடுத்தாயிற்று' என்று பதிவாகும். நூலில் ஒட்டிய சில்லை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி ஆண்டெனாவை ஒவ்வொரு அறையிலும் வைத்துத் தருபவர்கள் உண்டு. விலை கூடும். இரும்புச் சுவருக்கு அருகே அந்தச் சில்லைச் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம் என்பதால், உங்கள் நூல்களையே உள்ளே வைத்துச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள். காலையில் கண்ணால் பார்த்துவிடுவது பெரும்பாலான கிளைகளுக்குப் போதும். அதற்காகக் கதவில் சிறு துளைகள் இருக்கட்டும், ஆனால் யார் என்ன படிக்கிறார் என்று வெளியே தெரியும் அளவுக்கு வேண்டாம். நூலில் செருகும் சீட்டிலும் பெயர் எழுதாமல் உறுப்பினர் எண்ணின் கடைசி இலக்கங்களை மட்டும் எழுதுங்கள்.

அளவும் தகடும் எப்படி இருக்க வேண்டும்? எங்கள் ஊர் கடலோரம்.
– நூலக வாசகர் வட்டம், நாகப்பட்டினம்

நூல் எடுக்கும் பெட்டிக்கு உள்ளளவு 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம், 40 செ.மீ. ஆழம் போதும். பை வைப்பதற்கு 32 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் வேண்டும். முகம் மூடும் ஹெல்மெட்டும் பையும் சேர்ந்து நுழைய 60 செ.மீ. உயரம் தேவை. இரு சக்கர வண்டியில் வருகிறவர்கள் அதிகமென்றால் ஒரு வரிசையாவது இப்படி இருக்கட்டும்.

கடலோரத்துக்குத் துத்தநாகம் பூசிய தகட்டின் மேல் பவுடர் கோட்டிங் செய்ததைக் கேளுங்கள். வெறும் தகட்டில் பூசினால் கீல் ஓரத்திலும் திருகாணித் துளையிலும் முதலில் துரு பிடிக்கும், பிறகு கதவு இறுகும். 15 செ.மீ. மேடை கட்டி, கூரையின் கீழ், வடகிழக்கு மழை முகத்தில் அடிக்காத சுவரில் நிறுத்துங்கள். சுவரோடு போல்ட் போட மறக்காதீர்கள். பல கதவுகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் உயரமான பெட்டி முன்னால் சாயும். மழைக்காலத்தில் காற்றோட்டம் இல்லாத பெட்டியில் நூல் பூஞ்சை பிடிக்கும். அதற்கும் குறுகிய கெடுவே நல்லது. தரையிலிருந்து 40 முதல் 120 செ.மீ. வரை உள்ள கதவுகளைச் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் முதியோருக்கும் ஒதுக்குங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் சொந்தப் பூட்டுப் போட்டு மாதக்கணக்கில் பை லாக்கரைப் பிடித்துக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு இடமே இல்லை.
– வாசகி, மதுரை

அவர்கள் தேவையும் உண்மையானது. தினமும் பத்துக் கிலோ புத்தகத்தைச் சுமந்து வருகிறவரை விரட்டக் கூடாது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. அப்படி வருகிறவர்கள் நிறைந்த நூலகத்தில் லாக்கரையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கை மாத ஒதுக்கீடாக, காத்திருப்புப் பட்டியலோடு கொடுங்கள். பதினைந்து நாள் வராதவரின் ஒதுக்கீடு அடுத்தவருக்குப் போகட்டும். மீதி அன்றாடத்துக்கு. அவற்றுக்கு நூலகத்தின் பூட்டுதான், மூடும் நேரத்தில் காலியாக வேண்டும். எடுக்காமல் போன பொருளை இரண்டு பணியாளர்கள் சேர்ந்து எடுத்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடட்டும். இந்த விதி கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தால் சச்சரவு குறையும். சாவி தொலைந்தால் நகல் கொடுத்து முடித்துவிடாதீர்கள். பூட்டையே மாற்றுங்கள், பழைய சாவி யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மடிக்கணினி சார்ஜ் ஏற்றும் லாக்கர் பாதுகாப்பானதா?
– மாணவர், கோயம்புத்தூர்

காற்றோட்டத் துளையும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இருந்தால் வைக்கலாம். 65 வாட் கருவிகள் இருபது என்றால் 1,300 வாட், ஏறத்தாழ 6 ஆம்பியர். அதற்குத் தனி வயரிங் போடுங்கள். பைக்குள் வைத்தபடி சார்ஜ் போட அனுமதிக்க வேண்டாம், சூடு வெளியேறாது. உப்பிய பேட்டரி உள்ள கருவியை உள்ளேயே விடாதீர்கள்.

ஊர்ப்புற நூலகம் எங்களுடையது. மின்லாக்கருக்குப் பணம் இல்லை. வழி உண்டா?
– நூலகர், தேனி மாவட்டம்

உண்டு. பன்னிரண்டு கதவு உள்ள சாதாரண இரும்பு லாக்கர் ஒன்றும், நான்கு இலக்க எண் பூட்டுகளும் போதும். தலைமைச் சாவியால் திறந்து எண்ணை மாற்றக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். நூலை அவர் பெயரில் ஏற்றி, பெட்டியில் வைத்து, புது எண் போட்டு, கதவைப் பூட்டி ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு கதவு எண்ணையும் திறப்பு எண்ணையும் தொலைபேசியில் சொல்லுங்கள். உறுப்பினர் எண்ணையோ பிறந்த ஆண்டையோ திறப்பு எண்ணாக வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எண் மாற வேண்டும், இல்லையேல் முந்தைய வாசகரால் திறக்க முடியும். தெரு விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் பெட்டியை வையுங்கள், இருட்டில் யாராலும் இலக்கங்களைத் திருப்ப முடியாது.