விதைநெல் கொடுத்தால் வழக்கா?

கேள்வி: உலக வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டுவிட்டதால், இனி பக்கத்து வயல்காரருக்கு விதைநெல் கொடுத்தால்கூட கம்பெனிக்காரன் கேஸ் போடுவான் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? வெளிநாட்டில் எழுதுவதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதுதானா?
(திருத்துறைப்பூண்டி வாசகி)

பதில்: தைரியமாகக் கொடுங்கள். உங்கள் ஊர் நெல் திருவிழாவிலேயே 2 கிலோ விதை வாங்கிப்போய் மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரும் வழக்கத்தை நெல் ஜெயராமன் நடத்திக் காட்டினாரே, அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

1995-இல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தம், அதாவது உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம், பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை கொடு, இல்லாவிட்டால் உன் நாட்டுக்கென்று பயன்தரக்கூடிய தனி ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள் என்றுதான் சொன்னது. அந்த 'தனி ஏற்பாடு' எப்படி இருக்க வேண்டும் என்று அதில் விவரம் இல்லை. புது ரகம் உருவாக்கியவருக்கு அதன்மேல் உரிமை தர, பணக்கார நாடுகள் 1961-லேயே உருவாக்கிய யுபோவ் என்ற ஏற்பாடு தயாராக இருந்தது, 1991-இல் அதை இன்னும் இறுக்கினார்கள், வர்த்தக உடன்படிக்கை வேண்டும் என்பதற்காகப் பல வளரும் நாடுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. இந்தியா அதில் சேராமல், 2001-இல் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைத் தானே எழுதியது. அதன் 39-வது பிரிவை ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன்: பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும், விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். ஒரே தடை, அந்த ரகத்தின் பெயரை லேபிளாக அச்சடித்துப் பை போட்டு விற்கக் கூடாது.

2019-இல், தான் பதிவு செய்த ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டபோது விவசாயிகள் பக்கம் கையில் எடுத்தது இந்தப் பிரிவைத்தான், எதிர்ப்பு பலமாகவே கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றது. சட்டம் இருந்தும் வழக்குப் போடும் துணிச்சல் வந்தது என்றால், விவசாயிகளுக்கு இந்த உரிமை தெரியாது என்ற நம்பிக்கைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் ஊர்ப் பேச்சும் அதைத்தான் காட்டுகிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கேள்வி: சரி, டெல்லி கையெழுத்துப் போட்ட அன்றே ஒப்பந்தம் சட்டமாகிவிடுமா?
(மன்னார்குடி வாசகர்)

பதில்: ஆகாது. நம் நாட்டில் பொதுவாக நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும், அரசியலமைப்பின் 253-வது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. டிரிப்ஸுக்கும் 2001 சட்டத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சில வருஷங்களில்தான் விவசாயச் சங்கங்களும் விதை ஆர்வலர்களும் விடாமல் வாதாடி விவசாயி உரிமையை உள்ளே கொண்டுவந்தார்கள். ஆகவே அடுத்த வர்த்தகப் பேச்சுவார்த்தையில் விதை பற்றி என்ன பேசுகிறார்கள் என்று உங்கள் எம்.பி.யிடம் இப்போதே கேளுங்கள். அப்புறம், பரம்பரை ரகம் வைத்திருக்கிறவர்கள் அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்யவும் இதே சட்டத்தில் வழியிருக்கிறது, அதற்கு விவசாயிக்குக் கட்டணம் கிடையாது.