‘இட்ஸ் நௌ ஆர் நெவர்’: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லியின் இந்தப் பாட்டு ‘ஓ சோலே மியோ’தானே? அது இத்தாலிய நாட்டுப்புறப் பாட்டா?

மெட்டு அதேதான். ஆனால் நாட்டுப்புறப் பாட்டு அல்ல. 1898இல் ஜொவான்னி கபுர்ரோ இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மொழியில் எழுத, எதுவார்தோ தி கபுவா மெட்டுப் போட்டார். இருவரும் வறுமையிலேயே இறந்தார்கள். அவர்கள் பெயரையாவது விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒரே பாட்டாகவே தோன்றவில்லையே?

வரிசை மாறியிருக்கிறது, அதனால்தான். நேப்பிள்ஸ் பாட்டு சரணத்தில் தொடங்கும்: வெயில் நாளின் அழகு, புயல் ஓய்ந்தபின் தெளிந்த காற்று. இதைவிட அழகான சூரியன் உன் முகத்தில் இருக்கிறது என்கிற பல்லவி அப்புறம்தான் வரும். எல்விஸ் எடுத்த எடுப்பிலேயே பல்லவியைப் பாடுகிறார். அவர் ‘வென் ஐ ஃபர்ஸ்ட் சா யூ’ என்று ஆரம்பிக்கிற இடம்தான் மூலத்தின் முதல் அடி. அங்கிருந்து கேளுங்கள், பிடிபட்டுவிடும். தாளமும் லத்தீன் அமெரிக்க நடைக்கு மாறிவிட்டது. ஆரன் ஷ்ரோடர், வாலி கோல்ட் எழுதிய வரிகளில் சூரியனே கிடையாது. இன்றே வந்துவிடு என்று காதலியிடம் கெஞ்சும் பாட்டு அது. இதே மெட்டில் டோனி மார்ட்டின் 1949இல் பாடிய ‘தேர்ஸ் நோ டுமாரோ’விலும் அந்த அவசரம் உண்டு. எல்விஸுக்கு அந்தப் பாட்டு பழக்கமானது.

கேள்வி: பழைய நாட்டுப்புற மெட்டு, யாரும் பயன்படுத்தலாமாமே?

நாட்டுப்புறம் இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். 1960 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான இந்த இசைத்தட்டு, உரிமைச் சிக்கலால் பிரிட்டனுக்கு மாதங்கள் கழித்துத்தான் போனது. காப்புரிமை, படைத்தவர் இறந்தபின்னும் பல ஆண்டுகள் நீடிக்கும். தி கபுவா இறந்தது 1917இல். பிரிட்டனில் அதற்கு அப்போதும் உயிர் இருந்தது. வந்ததும் அங்கே எட்டு வாரம் முதலிடம். 2002இல் இத்தாலியின் டுரின் நீதிமன்றம் அல்ஃபிரேதோ மட்சுக்கியையும் இசையமைப்பாளராக ஏற்றது. அவர் இறந்தது 1972இல். பாடி வெளியிட நினைப்பவர்கள் உரிமையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: கடைசி உச்ச சுரம் தனியாகப் பதிந்து சேர்த்த ஒட்டு வேலை. ஓபரா பாணிப் பாடகர் மரியோ லான்ஸாவுக்குப் பக்கத்தில் எல்விஸ் நிற்க முடியுமா?

ஒட்டு வேலை இல்லை. நாஷ்வில் பதிவில் முடிவு திரும்பத் திரும்பச் சறுக்கியது. அந்த முடிவை மட்டும் தனியாகப் பாடினால் ஒட்டிவிடலாம் என்றார் ஒலிப்பொறியாளர் பில் போர்ட்டர். முழுசாகப் பாடினால் பாடுகிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்றார் எல்விஸ். லான்ஸாவை அவரும் ரசித்தவர்தான். ஆனால் இது ஓபரா மேடை இல்லை. மைக்குக்குப் பக்கத்தில் குரலை அடக்கி வைத்திருந்து, கடைசி அடியில் மொத்தமாகத் திறக்கிறார். அந்தக் கட்டுப்பாட்டைக் கவனியுங்கள்.

கேள்வி (அதே நபர்): இருந்தாலும் லான்ஸாவின் மூச்சுக்கு ஈடாகுமா?

மூச்சில் லான்ஸாவே பெரியவர், ஒப்புக்கொள்கிறேன். காதலியின் காதருகே பேசுவது போன்ற அந்த முதல் அடிக்கு எனக்கு எல்விஸ்தான் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: கிதாரில் வாசிக்கச் சுரக்கூட்டு (chords) கிடைக்குமா?

என் துறை இல்லை. வாசிப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: இது மாதிரி வேறு பாட்டு?

எல்விஸின் ‘சரண்டர்’, 1961. மூலம் ‘தோர்னா அ சுரியெந்தோ’ என்கிற நேப்பிள்ஸ் பாட்டு. அதற்கும் இசையமைப்பாளர் உண்டு: எர்னெஸ்தோ தி குர்திஸ்.